இரவல் ஓடுபாதை

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், குன்றின்மேல் எறும்பீசர் கோயில் கொண்ட திருவெறும்பூரைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் வருகிற துவாக்குடி, மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் சரித்திரத்தில் பெயர் பெற்ற ஊரன்று. ஆயினும் அந்தச் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்குகிறவன் அவ்வூரில் நின்றுகொண்டு தொடங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1960களில் செக்கோஸ்லோவாக்கிய தேசத்தின் உதவியோடு உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை அந்தப் பிரதேசத்தில் எழுந்தது. 1964-ல் மண்டலப் பொறியியற் கல்லூரி வந்தது. 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. கொதிகலனுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சிட்கோ பேட்டையில் வரிசை வரிசையாக முளைத்தன. உஷ்ணம் இரும்பை என்ன செய்யும், அடைபட்ட வாயு எந்த வழியைத் தேடும், பற்றவைத்த தையல் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்பவை பண்டிதர்களின் விசாரமாக அல்லாமல் ஷிப்ட் முடிந்து தேநீர்க் கடையில் நிற்பவர்களின் சாதாரணப் பேச்சாக வழங்குகிற ஊர் அது. பந்தய வண்டியின் சாஸ்திரமும் இந்த மூன்று கேள்விகளுக்கு மேல் அதிகமாக ஒன்றும் கேட்பதில்லை.

கொதிகலனுக்கு உதவிய அதே செக்கோஸ்லோவாக்கியா நமக்கு வேறொரு யந்திரத்தையும் கொடுத்தது. யானெச்செக் என்பவர் 1929-ல் தொடங்கிய ஜாவா நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்கள், ஈரானி குடும்பத்தாரின் முயற்சியால் 1961 முதல் மைசூரில் செய்யப்பட்டன. பிற்காலத்தில் அவை யெஸ்டி என்ற பெயர் பூண்டன. ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர்கள் இருபுறமும் நீண்டிருக்க, காலால் உதைத்து வண்டியைக் கிளப்பும் கிக்கரையே மடக்கித் தணித்துக் கியர் மாற்றும் நெம்புகோலாகவும் பயன்படுத்தும் விசித்திரமான அமைப்புக் கொண்ட அவ்வண்டியை முதன்முதலாக ஓட்டப் பழகியவர்கள், உதைப்பதற்கும் கியர் போடுவதற்கும் ஒரே உறுப்பா என்று வியந்து, இரண்டொரு வாரத்தில் அதுவே இயல்பான ஏற்பாடு என்று கட்சி பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஜாவாவுக்கு எதிர்க்கட்சி புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி 1955-ல் என்ஃபீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின; எல்லைக் காவலுக்காக ராணுவம் விரும்பி வாங்கிய 350 சி.சி. வண்டி திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு சடங்கு. கிக்கரை மெல்ல அழுத்தி, விளக்குக் கூட்டின்மேல் பதித்த அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் கணத்தை அறிந்து, டீகம்ப்ரஸரை இழுத்து அடைபட்ட காற்றை வெளியே விட்டு, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் நகர்த்தி வைத்து, பின் முழு உடம்பின் பாரத்தையும் வைத்து ஒரே உதை உதைக்க வேண்டும். முள்ளைக் கவனியாமல் அவசரப்பட்டவனைக் கிக்கர் திருப்பி உதைக்கும். சிலிண்டருக்குள் பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் காணாமலே மனத்தால் காணும் வித்தையை அந்த வண்டி தன் சொந்தக்காரனுக்குத் தினந்தோறும் காலையில் போதித்தது.

பந்தயத்தில் ஓடியவை இந்த வண்டிகளே. ஆனால் எந்தப் பாதையில் ஓடுவது என்பது உலகமெங்கும் இக்கலைக்கு முதலில் நேர்ந்த சங்கடம். இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு இருபது மைலுக்குமேல் போகக்கூடாதென்று தடுத்ததோடு, பொதுச்சாலையைப் பந்தயத்துக்காக அடைக்கவும் அங்கே இடமில்லாதிருந்தது. தனக்கென்று ஒரு சட்டசபை உடைய மான் தீவு மட்டும் தன் சாலைகளைச் சில நாட்களுக்கு அடைத்துக்கொள்ள இசைந்தது. 1907-ல் அங்கே மோட்டார் சைக்கிள்களுக்கென்று நடந்த போட்டி, 1911 முதல் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் சுற்றுள்ள மலைப்பாதைக்கு மாறி, இன்றளவும் நடைபெற்று வருகிறது. ஆட்டுமந்தையும் பால்வண்டியும் போகிற சாலையை ஒரு வாரம் இரவல் வாங்கி ஓடிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதென்ற அந்த ஏற்பாடே சாலைப் பந்தயத்தின் பிறவிக் குணமாயிற்று.

யுத்தம் முடிந்ததும் இரவல் கொடுக்க வேறொருவர் முன்வந்தார். அவர் விமானப் படை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவசர அவசரமாக அமைத்த ஓடுபாதைகள் பல, சமாதானம் வந்ததும் வேலையற்றுக் கிடந்தன. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் அவ்வாறு கிடந்த ஒரு விமானத் தளமே. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில், ஏரியால் பெயர் பெற்ற சோழவரத்திலும் யுத்த காலத்து ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனை ராணுவத்திடமிருந்து வருஷத்தில் சில நாட்களுக்குப் பெற்று, காரும் மோட்டார் சைக்கிளும் ஓடும் அகில இந்தியப் பந்தயங்களை நடத்திற்று. கல்கத்தாவை அடுத்த பாரக்பூரிலும் பம்பாயின் ஜுஹுவிலும் இவ்வாறே விமானத் தளங்களில் வண்டிகள் ஓடின. எனினும் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக நிலைத்து, தென்னாட்டு இளைஞர் பலருக்கு வேகம் என்ற சொல்லின் மறுபெயராகவே வழங்கியது சோழவரந்தான்.

அந்த ஓடுபாதைகள் ஆங்கில எழுத்தாகிய டீ-யின் உருவத்தில் அமைந்திருந்தன. விமானத்துக்கு நேர்கோடு போதும்; பந்தயத்துக்கோ திரும்ப வேண்டும். ஆகையால் நெடுந்தூரம் அம்புபோல் ஓடிவந்த வண்டி, பாதை முடியுமிடத்தில் சட்டென்று வேகத்தை அடக்கி, வந்த திசைக்கே ஏறக்குறைய முகம் திருப்ப வேண்டியிருந்தது. நேர்பாதையில் யந்திரத்தின் பலம் பேசிற்று. திருப்பத்தில் பிரேக்கின் குணமும் ஓட்டியின் நிதானமும் பேசின. நிழலுக்கு மரமும் இல்லாத திறந்த வெளியில், கான்கிரீட்டிலிருந்து எழும் கானல் நடுவே ஆயிரக்கணக்கான ஜனங்கள் வெயிலைப் பொருட்படுத்தாமல் நின்றதற்கு, அந்தத் திருப்பங்களில் நிகழ்ந்த நாடகமே காரணம். யார் முதலில் பிரேக்கைத் தொடுவார், யார் இன்னும் ஒரு கணம் பொறுப்பார் என்பதிலேயே முன்னிருந்தவர் பின்னாவதும் பின்னிருந்தவர் முன்னாவதும் நேர்ந்தன.

அந்த ஒரு கணத்தின் விலை என்ன என்பதைப் பௌதிகம் தயக்கமின்றிச் சொல்லிவிடும். ஓடுகிற வண்டியின் இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறும். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். உலர்ந்த நல்ல தரையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேண்டுமென்றால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 49 மீட்டர் வேண்டும். வண்டியும் ஆளுமாக 220 கிலோ எடையுள்ள ஒன்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முற்றிலும் நிற்கும்போது, ஒரு லிட்டரில் மூன்றிலொரு பங்குக்கும் மேலான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தக்க உஷ்ணம் பிரேக்கில் பிறக்கிறது. பழைய வண்டிகளின் டிரம் பிரேக்கோ அந்த உஷ்ணத்தை மூடிய கூட்டுக்குள் வைத்துக்கொண்டு தவிக்கும். இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் உள்ளிருக்கும் லைனிங் காய்ந்து பிடிமானம் தளர, லீவரை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி கேளாத பிள்ளையாகிவிடும். கொதிகலன் செய்கிறவர்கள் உஷ்ணம் போக வழிவிடாத பாத்திரத்தை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். தட்டு வடிவப் பிரேக் பின்னாளில் செய்த உபகாரம், தட்டைக் காற்றுக்குத் திறந்து காட்டியதொன்றே.

பிரேக்குக்கு அடுத்தபடி சாய்வு. இரண்டு சக்கரத்தின்மேல் செல்பவன் வளைவில் சாயாமல் திரும்ப முடியாது. எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க, கணக்கின்படி 45 பாகைக்குச் சற்று அதிகமாகச் சாய வேண்டும். அப்போது டயர் தரையைப் பற்றுகிற பக்கவாட்டு விசை, வண்டியின் முழு எடைக்குச் சமமாகிறது. இதில் வியப்பு என்னவென்றால், கணக்கில் எடை எங்கும் வருவதில்லை. பாரமான புல்லட்டும் லேசான ஜாவாவும் ஒரே வளைவில் ஒரே வேகத்துக்குக் கொள்ள வேண்டிய சாய்வு ஒன்றுதான். யந்திரங்களுக்குள் உள்ள பேதத்தை வளைவு மதிப்பதில்லை. அது மதிப்பது டயரையும் தரையையும் மட்டுமே. அக்காலத்து டயர்கள் ஐம்பது பாகைக்கு வெகு முன்னரே கைவிட்டுவிடும். இன்றைய உலகப் போட்டிகளில் ஓட்டிகள் அறுபது பாகையையும் தாண்டிச் சாய்கிறார்கள். முழங்காலையும் உடம்பையும் வளைவின் உட்புறமாகத் தொங்கவிடும் வழக்கம் 1970களில் பரவியதற்கும் இதுவே காரணம்: உடம்பு உள்ளே இறங்கினால் மொத்தப் பாரத்தின் மையம் உள்ளே நகர, வண்டி அவ்வளவுக்குக் குறைவாகச் சாய்ந்தால் போதும்.

சாய்வதற்கு முன் நிகழும் ஒன்றை, செய்கிறவர்களே பெரும்பாலும் அறியார். வேகத்தில் வலப்புறம் திரும்ப எண்ணுகிறவன், ஹாண்டில்பாரின் வலக்கைப் பிடியை ஒரு கணம் முன்னே தள்ளுகிறான்; அதாவது முன்சக்கரத்தைச் சிறிதளவு இடப்புறமே திருப்புகிறான். சக்கரம் இடப்புறம் விலக, மேலிருக்கும் பாரம் வலப்புறம் சாய்கிறது. சாய்ந்த பிறகே வண்டி வலப்புறம் வளைகிறது. ஆகாய விமானம் கண்ட ரைட் சகோதரர்களுள் மூத்தவராகிய வில்பர், சைக்கிள் கடை நடத்தியவராதலால் இதைக் கவனித்து, சைக்கிள் ஓட்டுகிறவர்களை எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்து, அவர்களுள் எவரும் தாம் செய்வதைச் சரியாகச் சொல்லவில்லை என்று கண்டாராம். கைக்குத் தெரிந்தது நாவுக்குத் தெரியாதிருப்பது இத்தொழிலில் இயல்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பந்தயத்தைக் கண்டவர்களின் ஞாபகத்தில் காட்சிக்கு முன்னால் வந்து நிற்பது வாசனை. அக்காலத்துப் பந்தய யந்திரங்களுக்கு உகந்ததென்று பெயர் பெற்ற மசகெண்ணெய், ஆமணக்கிலிருந்து எடுத்தது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆங்கிலத்தில் ஆமணக்குக்கு வழங்கும் பெயரின் வழியாக வந்ததாகும். குழந்தைக்கு வயிறு சுத்தம் செய்யவும் தலைக்குக் குளிர்ச்சியூட்டவும் நம் வீடுகளில் வைத்திருந்த விளக்கெண்ணெய், கனன்று கொதிக்கும் உலோகத்தின்மேலும் படலம் அறுந்துபோகாமல் ஒட்டி நிற்பதால், மான் தீவு முதல் சோழவரம் வரை சுழலும் தண்டுகளைக் காத்து நின்றது. அது எரியும்போது எழும் மணம் இனிப்பும் கரிப்பும் கலந்த ஒரு தனி ரகம். செயற்கை எண்ணெய்கள் வந்த பின்பு அதற்குத் தேவை குறைந்துவிட்டது. எனினும் பழைய வண்டிகளைப் போற்றுகிறவர்கள் வாசனைக்காகவே சிறிது கலந்து ஊற்றிக்கொள்கிற வழக்கம் இன்றும் உண்டு.

இரண்டு ஸ்ட்ரோக் யந்திரம் பந்தயத்தை ஆளத் தொடங்கிய கதை ஒரு துப்பறியும் நாவலுக்கு ஒப்பானது. இவ்வகை யந்திரத்தில் வால்வு இல்லை. பிஸ்டனே மேலும் கீழும் போய்வந்து சிலிண்டர்ச் சுவரிலுள்ள துவாரங்களைத் திறந்து மூடுகிறது. புதிய கலவை உள்ளே நுழையும் வேளையில் புகை போகும் துவாரமும் திறந்தே இருப்பதால், எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி புகையோடு புகையாய் வெளியேறிவிடும். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தில் இருந்த வால்ட்டர் காடன் என்ற பொறியாளர், சைலன்ஸர்க் குழாயின் வடிவத்தைக் கொண்டே இந்த நஷ்டத்தை லாபமாக்கினார். புகைத் துவாரத்திலிருந்து குழாய் முதலில் விரிந்துகொண்டே போகும். பின்பு குறுகிக்கொண்டே போகும். புகையோடு புறப்படும் அழுத்த அலை, விரியும் கூம்பைக் கடக்கும்போது ஓர் இழுப்பைத் திருப்பி அனுப்பிச் சிலிண்டரிலுள்ள மிச்சப் புகையை உறிஞ்சுகிறது. குறுகும் கூம்பில் மோதும்போது அழுத்தமாகவே திரும்பி வந்து, வெளியே வழிந்த புதிய கலவையைத் துவாரம் மூடுவதற்குச் சற்று முன் மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறது. வால்வு செய்ய வேண்டிய காவலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் அலை செய்கிறது. 1961-ல் அவருடைய 125 சி.சி. யந்திரம் 25 குதிரைசக்தி கொடுத்தது. காற்றை அழுத்தி ஊட்டும் கருவியின் துணையின்றி, லிட்டருக்கு 200 குதிரைசக்தி என்ற அந்த விகிதத்தை அதற்குமுன் எவரும் எட்டியதில்லை.

அதே ஆண்டு, அந்த வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடனில் நடந்த போட்டியின்போது தம் தேசத்தைத் துறந்து ஓடினார். அவரோடு காடனின் ரகசியங்களும் ஜப்பானிய சுசுகி நிறுவனத்தைச் சென்றடைந்தன. மறு ஆண்டே சுசுகி வண்டியில் 50 சி.சி. உலகப் பட்டத்தை டெக்னர் வென்றார். இருபது ஆண்டுகள் கழித்து, டி.வி.எஸ். நிறுவனத்தோடு சேர்ந்த சுசுகி 1984-ல் ஓசூரில் 100 சி.சி. வண்டியைச் செய்யத் தொடங்கியபோதும், எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்த யமஹா 1985-ல் ஆர்.எக்ஸ். 100 என்ற வண்டியைக் கொண்டுவந்தபோதும், காடன் கண்ட அலையின் தத்துவம் நம் தெருக்களில் பால் வாங்கப் போகிறவர்களின் சைலன்ஸருக்குள்ளும் வந்து குடியேறியது. ஆர்.எக்ஸ். 100 கொடுத்தது 11 குதிரைசக்திதான். ஆனால் வண்டியின் எடை நூறு கிலோவை ஒட்டியே இருந்ததால், பந்தயத்திலும் தெருவிலும் அதற்கிருந்த மதிப்பு அந்த எண்ணுக்கு மிகவும் மேலானது. அதற்குச் சிறிது முன்பு, 1983-ல், ராஜ்தூத் 350 என்ற பெயரில் வந்த இரட்டைச் சிலிண்டர் யமஹா, முப்பது குதிரைசக்தியை டிரம் பிரேக்கை நம்பி அவிழ்த்துவிட்டது. ஜப்பானில் அதே வண்டிக்கு முன்சக்கரத்தில் தட்டுப் பிரேக் கொடுத்திருந்தார்கள். வேகத்தை மட்டும் இறக்குமதி செய்து, நிறுத்தும் வகையைச் சிக்கனம் செய்த அந்த ஏற்பாட்டின் பலனை அதன் சொந்தக்காரர் பலர் அனுபவித்தார்கள்.

இங்கேதான் துவாக்குடி போன்ற ஊர்களின் பட்டறைகள் இச்சரித்திரத்துக்குள் வருகின்றன. வெளிநாட்டுப் பந்தய வண்டி ஒன்றிரண்டு சோழவரத்துக்கு வந்ததுண்டு. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அந்நாளில், பெரும்பாலோர் உள்நாட்டில் வாங்கிய வண்டியையே திருத்தி ஓட வேண்டியிருந்தது. திருத்துவதென்றால் என்ன? ஹெட்டை லேத்தில் கொடுத்து நூலளவு சீவி அழுத்தத்தைக் கூட்டுவது. போர்ட்டுகளின் விளிம்பை அரத்தால் ராவி, துவாரம் ஒரு மயிரிழை முன்னதாகத் திறக்கும்படி செய்வது. கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை மாற்றுவது. தகட்டைக் கூம்பாகச் சுருட்டிப் பற்றவைத்துப் புது சைலன்ஸர் கட்டுவது. பிறகு வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சினை அப்படியே நிறுத்தி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருண்டு வந்து, பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். அதன் பீங்கான் மூக்கு வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் உருகும். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், சக்தி வீண். செங்கல் காவியேறினாற்போல் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கருவி எதுவுமின்றி, ஒரு நிறத்தைப் பார்த்து எரிப்பறைக்குள் நடந்ததை ஊகிக்கும் இந்தப் பரீட்சை, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துப் பிஸ்டனை அறிந்த பழைய வித்தையின் தம்பியாகும். சத்தம் பெருகினால் சக்தி பெருகும் என்று எண்ணிச் சைலன்ஸரின் உள்ளுறுப்பைப் பிடுங்கி எறிகிற இளைஞனுக்கும், திரும்பி வர வேண்டிய அலையை ஏன் வெளியே விரட்டுகிறாய் என்று கேட்கிற மெக்கானிக்குக்கும் இடையே நடக்கிற வாக்குவாதத்தில், காடன் மெக்கானிக்கின் கட்சியிலேயே இருக்கிறார்.

1982-ல் டி.வி.எஸ். நிறுவனம் தனக்கென்று ஒரு பந்தய அணியை அமைத்தபோது இந்தக் கைவித்தைக்கு முதன்முறையாக ஒரு தொழிற்சாலையின் ஆதரவு கிடைத்தது. ஆனால் இரவல் பாதைக்கு ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. கடலுக்கு அப்பால், திருச்சி விமான நிலையத்திலிருந்து நம்மவர் அன்றாடம் போய்வருகிற சிங்கப்பூரில், அப்பர் தாம்சன் சாலையை அடைத்து 1961 முதல் நடத்திய பந்தயம், விபத்துகளும் போக்குவரத்தும் பெருகியதால் 1973-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று; இன்று அச்சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுள் பெரும்பாலோர், எந்தத் திருப்பத்தில் தாம் திரும்புகிறோம் என்பதை அறியார். சோழவரத்திலும் 1980களின் இறுதியோடு பந்தய சகாப்தம் முடிவுற்றது. மெட்ராஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி, 3.7 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு திருப்பங்களும் கொண்ட பந்தயத் திடலை 1990-ல் திறந்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரால் மற்றொரு திடல் 2003-ல் எழுந்தது. தமிழ்நாட்டில் பந்தயத்துக்கென்றே போட்ட பாதை இவ்வாறு உண்டாயிற்று.

பாதை சொந்தமாகிக்கொண்டிருந்த காலத்திலேயே யந்திரம் அந்நியமாகத் தொடங்கியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகியதில், எரியாத பெட்ரோலைச் சிறிதேனும் வெளியே விடுவதைப் பிறவிக் குணமாகக் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் தெருவிலிருந்து விலகின, ஆர்.எக்ஸ். 100-ன் உற்பத்தி 1996-ல் நின்றது, மைசூர்த் தொழிற்சாலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. உலகப் போட்டியின் உச்சப் பிரிவிலும் 2002 முதல் நான்கு ஸ்ட்ரோக் யந்திரங்கள் புகுந்து ஆட்சியைப் பிடித்தன. எரிபொருளை அளந்து விடுவதும், சக்கரம் வழுக்கினால் சக்தியைக் குறைப்பதும், பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதும் கணினியின் வேலையாயின. சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-ல் 125 சி.சி. உலகப் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை பெற்றார். 2023 செப்டம்பரில் டில்லிக்கு அருகே உள்ள புத்தா திடலில் உலகப் போட்டியே இந்தியாவுக்கு வந்து, இத்தாலியரான மார்க்கோ பெஸ்ஸெக்கி அதில் வென்றார். பாதையும் வண்டியும் பாதுகாப்பும் பெருகின. சோழவரத்தை நினைத்து ஏங்குகிறவர்களின் ஏக்கம் மட்டும் குறையக் காணோம்.

அந்த ஏக்கத்தை ஆராய்ந்து பார்த்தால், அது வேகத்துக்கான ஏக்கமாகத் தோன்றவில்லை. அன்றைய வெற்றி வண்டியைவிட இன்று தவணையில் வாங்கும் சாதாரண வண்டி பல வேகமானவை. ஏங்குவது இரைச்சலுக்காக என்று சொல்வதும் பொருந்தாது; இரைச்சலுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. பந்தயத்தில் ஓடிய யந்திரமும் தெருவில் நின்ற யந்திரமும் ஒரே ஜாதியாக இருந்த ஒரு காலத்துக்கே மனம் ஏங்குகிறது. சோழவரத்தில் முதலில் வந்த வண்டி எதனால் முதலில் வந்தது என்பதை, ஸ்பானரும் அரமும் வைத்திருக்கிற ஒருவன் திருவெறும்பூர்ப் பட்டறையிலோ பொன்மலைப் பட்டறையிலோ உட்கார்ந்து அறிந்துகொள்ள முடிந்தது; அறிந்ததைத் தன் வண்டியிலேயே செய்து பார்க்கவும் முடிந்தது. பந்தயம் எட்டாத உயரத்தில் நடந்த விழாவாக இராமல், எட்டிப் பிடிக்கக்கூடிய பாடமாக இருந்தது. இன்றைய பந்தய வண்டியின் ஞானம் மூடிய பெட்டிக்குள் மென்பொருளாய் உறைகிறது. அதைத் திறக்கும் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. இழந்த பொருள் இந்த அணுக்கமே.

இவ்வளவு சொன்னதனால் பழைய காலத்தைப் பொற்காலமென்று கும்பிட வேண்டியதில்லை. மான் தீவின் கற்சுவர்களுக்கிடையே உயிரிழந்தவர்களின் பட்டியல் நீளமானது. 1972-ல் தம் நண்பர் ஜில்பெர்ட்டோ பார்லோட்டி அங்கே மடிந்ததும், பதினைந்து உலகப் பட்டங்களுக்கு உரியவராகிய ஜக்கோமோ அகோஸ்டினி இனி அத்தீவில் ஓட்டுவதில்லை என்று விலகினார். 1976-க்குப் பின் அப்போட்டி உலகப் பட்டக் கணக்கிலிருந்தும் விலக்கப்பட்டது. இரவல் பாதையில் சுவரும் மரமும் விளக்குக் கம்பமும் இருந்த இடத்திலேயே இருக்கும். பந்தயத்துக்கென்று போட்ட திடலில், தவறி விழுந்தவன் சறுக்கி நிற்பதற்கு இடம் விட்டிருப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் உயிர் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. நான்கு வழியாக அகன்றுவிட்ட தஞ்சாவூர்ச் சாலையில் இரவு நேரத்தில் பந்தயமென்று விரையும் இளைஞன், உராய்வுக் கணக்கைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு புறப்படுவதில்லை. லாரியிலிருந்து சிந்திய மணலும் டீசலும் சேர்ந்து டயரின் பிடிமானத்தைப் பாதிக்கும் கீழாக இறக்கிவிடும். பிடிமானம் பாதியானால் நிற்கும் தூரம் இரட்டிக்கும். சோழவரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள், கிளப் ஏன் ஊர்ச்சாலையை விட்டு விமான ஓடுபாதையை நாடிற்று என்பதை யோசித்தார்களில்லை.

பந்தயத்தின் ஏடுகள் வென்றவர் பெயரையும் வண்டியின் பெயரையும் நிமிஷ விநாடியையும் குறித்து வைக்கின்றன. போர்ட்டை ராவியவர் பெயரை எந்த ஏடும் குறிப்பதில்லை. ஓட்டுகிறவர்கள் தாம் திரும்பும் விதத்தைச் சொல்லத் தெரியாதிருந்ததை வில்பர் ரைட் கண்டது போலவே, நம் பட்டறை மேதைகளுள் பலர் தம் கைக்குத் தெரிந்ததை எழுதி வைத்தவர்கள் அல்லர். கேட்டு எழுதிக்கொள்ளவும் எவரும் போகவில்லை. எந்த அளவு ராவினால் எந்த வேகத்தில் சக்தி எழும் என்பதைக் காதாலும் விரலாலும் கண்டறிந்த அந்தத் தலைமுறை இப்போது முதுமையெய்திவிட்டது. பழைய வண்டிகளை லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கி, மெருகேற்றிக் கூடத்தில் நிறுத்துகிற அபிமானிகள் இன்று பெருகியிருக்கிறார்கள். அவர்களுள் சிலரேனும் அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, அம்முதியவர்களிடம் சென்று, அளவுகளோடும் படங்களோடும் அவர்கள் சொல்வதை எழுதி வைப்பார்களானால், துவாக்குடிப் பொறியியற் கல்லூரியில் படிக்கிற ஒரு மாணவன் அதைக் கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். பாதையை இரவல் வாங்கிய காலத்தில்கூட அந்த அறிவு நம்முடைய சொந்தமாகவே இருந்தது. அதையும் இரவல் வாங்கும் நிலை வருவதற்குள் இந்தக் காரியம் நடக்க வேண்டும்.